பழைய கீபோர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

சென்ற மாதம் என் மைத்துனர் வீட்டிற்குப் போயிருந்தேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். அதை வைக்க இடம் வேண்டும் என்பதற்காக, கூடத்து மூலையில் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த இசைக் கீபோர்டை உறையில் போட்டுச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். மகள் கீபோர்டு வகுப்பிற்குப் போன காலத்தில் வாங்கியது. பதினைந்து ஆண்டுகளாவது ஆகியிருக்கும்.

"சவுண்டெல்லாம் பழசாயிடுச்சு அத்தான். கடையிலே எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கிறாங்களாம். ஆயிரம் ரூபாய் கழிச்சுக்குவாங்க. புதுசுலே பியானோ சத்தம் அவ்வளவு நல்லா இருக்காம்" என்றார்.

உறையைக் கழற்றிக் கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், ஹெட்போன் போர்ட்டிற்கு அருகே, இரண்டு வட்டமான சாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் அரைவட்டமாக ஐந்து துளைகள். கீழே மிடி இன், மிடி அவுட் என்று அச்சடித்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் எதையும் செருகியதில்லை. "இதைக் கொடுத்துவிடாதே" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவருக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் பல வீடுகளில் இதே போன்ற கீபோர்டு ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும் என்பதால், அதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கம்ப்யூட்டர் பத்திரிகையில் கீபோர்டு என்றால் எழுத்துகளைத் தட்டும் கீபோர்டு என்றுதான் நினைப்பீர்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் கீபோர்டு என்று சொல்வது வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள் உள்ள இசைக் கருவியைத்தான்.

இரண்டு கருவிகள் ஒரே பெட்டியில்

ஆர்மோனியத்தில் கட்டையையும் ஒலியையும் பிரிக்க முடியாது. கட்டையை அழுத்தினால் அதற்குரிய ரீடு வழியாகக் காற்று போகும், ஒலி வரும். எலக்ட்ரானிக் கீபோர்டு அப்படி இல்லை. அதற்குள் உண்மையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்று கவனிக்கும் பகுதி. மற்றொன்று, அந்தத் தகவலை வாங்கிக்கொண்டு பியானோ, வயலின், புல்லாங்குழல் என ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் பகுதி.

இவற்றில் பழசாவது இரண்டாவதுதான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக் கீபோர்டிற்குள் வைத்த மெமரி சிப் மிகச் சிறியது. அதில் அடக்கிய பியானோ ஒலி இன்று கேட்கும்போது தகர டப்பா போல இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கட்டைகள்? பழுதாகாமல் இருந்தால் அவை அன்று செய்த வேலையை இன்றும் அதே மாதிரி செய்கின்றன. 'ச' கட்டையை அழுத்தினால் 'ச' அழுத்தப்பட்டது என்று சொல்வதில் பழசு புதுசு என்ன இருக்கிறது?

கட்டைகள் சொல்வதை வெளியே கொண்டுவந்து வேறொரு சிந்தசைசரிடம் கொடுக்கும் வழிதான் மிடி. மியூசிக்கல் இன்ஸ்ட்ரூமென்ட் டிஜிட்டல் இன்டர்பேஸ் என்பதன் சுருக்கம். அந்த வேறொரு சிந்தசைசர் உங்கள் புதிய கம்ப்யூட்டராகவே இருக்கலாம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்கு விற்பனை இல்லை.

மிடி கேபிள் வழியாக ஒலி போவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஸ்பீக்கர் வயர் போல நினைத்துக்கொண்டு அதை ஆம்ப்ளிபயரில் செருகிப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் போவது கட்டளைகள் மட்டுமே. "முதல் சேனலில், 60-ஆம் எண் ஸ்வரத்தை, 90 வேகத்தில் தொடங்கு" என்பது ஒரு கட்டளை. கையை எடுத்ததும் "அதை நிறுத்து" என்று இன்னொன்று. நடு 'சி' கட்டைக்கு எண் 60. எண்கள் 0 முதல் 127 வரை. ஒரு ஸ்வரத்தைத் தொடங்க மூன்றே பைட்டுகள் போதும்.

செல்போன்களில் 2000-களின் தொடக்கத்தில் பாலிபோனிக் ரிங்டோன் என்று சினிமாப் பாட்டுகளை ஏற்றிக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா? அவை மிடி வழி வந்தவைதான். போனுக்குள் இருந்த சிறிய சிந்தசைசர் அந்தக் கட்டளைகளைப் படித்து வாசித்தது. சிடி தரத்தில் ஒரு நிமிட ஒலிக்குச் சுமார் 10 எம்.பி. இடம் வேண்டும். மிடி பைலாக இருந்தால் முழுப் பாட்டே சில பத்து கே.பி.க்குள் அடங்கிவிடும்.

காசு கேட்காமல் கொடுத்தது

இந்த ஐந்து துளைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் என் கட்சி உங்களுக்குப் புரியும்.

1970-களில் சிந்தசைசர் தயாரித்த ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் இணைப்பு முறையை வைத்திருந்தது. ஒருவர் கருவியை இன்னொருவர் கருவியோடு சேர்ப்பது பெரும் பாடு. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி, எல்லாருக்கும் ஒரே முறை வேண்டும் என்று மற்றவர்களோடு பேசத் தொடங்கினார். அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் டேவ் ஸ்மித், தன்னுடன் பணியாற்றிய செட் வுட்டுடன் சேர்ந்து 1981-ல் இப்படி ஒரு பொது முறைக்கான திட்டத்தை ஒலிப் பொறியாளர்கள் சங்கத்தின் முன் வைத்தார். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக் கருவிக் கண்காட்சியில், டேவ் ஸ்மித்தின் புராபெட் 600 சிந்தசைசரையும் ரோலண்டின் ஜூபிடர் 6-ஐயும் ஒரே கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்று ஒலித்தது. போட்டிக் கம்பெனிகளின் கருவிகள் இவை என்பதை மறக்கக் கூடாது.

இந்த முறையைப் பயன்படுத்த அவர்கள் யாரிடமும் உரிமைத் தொகை கேட்கவில்லை. யமஹா, கேசியோ என எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இதற்காக இருவருக்கும் 2013-ல் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது கிடைத்தது. ககேஹாஷி 2017-லும் டேவ் ஸ்மித் 2022-லும் மறைந்தார்கள். 1983-ல் செய்த அந்த ஜூபிடரை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைத்தாலும் பேசும். உங்கள் வீட்டில் 1983-ல் வாங்கிய எந்தச் சாதனத்தைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

நான் பட்ட பாடு

நான் எங்கள் வீட்டிற்குக் கீபோர்டு வாங்கியது 2002-ல். அப்போது கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டில் ஜாய்ஸ்டிக்கிற்காக 15 பின் கேம் போர்ட் ஒன்று இருக்கும். அதே போர்ட் வழியாக மிடியும் போகும். அதற்கென்று ஒரு கேபிள் வாங்கி இணைத்தேன். முதல் முறை கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் நான் வாசித்தது கேட்டபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களுக்கு அதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை.

பிறகு அந்தக் கம்ப்யூட்டர் போயிற்று. அடுத்து வாங்கியதில் கேம் போர்ட் இல்லை. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா கேம் போர்ட்டைக் கைவிட்டேவிட்டது. கேபிள் மேஜை டிராயருக்குப் போயிற்று. சரி, இனி யு.எஸ்.பி.தான் என்று, யு.எஸ்.பி. போர்ட் உள்ள இன்னொரு கீபோர்டை வாங்கினேன். அது வேலை செய்ய அந்தக் கம்பெனியின் டிரைவர் சாப்ட்வேரை நிறுவ வேண்டும். சிடியில் கொடுத்திருந்தார்கள். சில ஆண்டுகள் நன்றாகத்தான் ஓடியது. பின் 64 பிட் விண்டோஸிற்கு மாறினேன். 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. அந்தக் கீபோர்டிற்கு 64 பிட் டிரைவரைக் கம்பெனி எழுதவே இல்லை. கேட்டு எழுதினேன். அந்த மாடல் தயாரிப்பு நின்றுவிட்டது என்று பதில் வந்தது. கீபோர்டில் ஒரு கட்டை கூடப் பழுதில்லை. ஆனாலும் அதன் யு.எஸ்.பி. போர்ட் செத்துப்போயிற்று.

அந்தக் கீபோர்டின் பின்பக்கத்திலும் வட்ட சாக்கெட்டுகள் இருந்ததால் தப்பித்தேன். அந்த வட்டம் இன்று வரை வேலை செய்கிறது. அது டிரைவர் கேட்கவில்லை, விண்டோஸ் எது என்று கேட்கவில்லை. நொடிக்கு 31,250 பிட் என்ற வேகத்தில் 1983-ல் எப்படிப் பேசியதோ அப்படியே பேசிக்கொண்டிருக்கிறது. ஆகவேதான் கருவி வாங்கப் போகிறவர்களிடம் நான் பியானோ ஒலி எப்படி என்று கேட்பதற்கு முன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். யு.எஸ்.பி. எல்லாமே இப்படி அல்ல. யு.எஸ்.பி. வழியாக மிடி அனுப்ப 1999-லேயே ஒரு பொது முறை வகுத்துவிட்டார்கள். அதைப் பின்பற்றும் கருவிக்குத் தனி டிரைவர் வேண்டாம். செருகியதும் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் தாமாகவே கண்டுகொள்ளும். பெட்டியின் மீது கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று போட்டிருக்கும். அந்த இரண்டு சொற்களைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். "டிரைவரை இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால், அந்தத் தளம் பத்து ஆண்டு கழித்தும் இருக்குமா என்று யோசியுங்கள்.

இணைப்பது எப்படி?

வட்ட சாக்கெட் உள்ள கீபோர்டிற்கு யு.எஸ்.பி. மிடி கேபிள் ஒன்று வேண்டும். ஒரு முனையில் யு.எஸ்.பி. பிளக், நடுவே ஒரு சின்னப் பெட்டி, மறுமுனையில் இரண்டு வட்ட பிளக்குகள். சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும். பெயர் பெற்ற கம்பெனிகளுடையது சில ஆயிரம் ஆகும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மிடி முறையின்படி, தகவலை வாங்கும் பக்கத்தில் ஆப்டோ ஐசொலேட்டர் என்ற சிறு சிப் இருக்க வேண்டும். அது மின்சாரத் தொடர்பே இல்லாமல் ஒளி வழியாகத் தகவலைக் கடத்தும். இதனால் ஒரு கருவியின் மின்கோளாறும் இரைச்சலும் மற்றதைத் தொடாது. மலிவுக் கேபிள்கள் பலவற்றில் இந்தச் சிப்பை விட்டுவிடுகிறார்கள். வேகமாக வாசித்தால் ஸ்வரங்களைத் தின்றுவிடும் கேபிள்களும் உண்டு. நான் முதலில் வாங்கிய கேபிள் அந்த ரகம். என் விரல்தான் தடுமாறுகிறது என்று ஒரு வாரம் பயிற்சி செய்துகொண்டிருந்தேன்.

பிளக்கில் இன், அவுட் என்று இருப்பதுதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. கீபோர்டின் அவுட் சாக்கெட்டிலிருந்து புறப்படுவது கம்ப்யூட்டரின் இன்னிற்குப் போக வேண்டும். ஆகவே பெரும்பாலான கேபிள்களில் இன் என்று எழுதிய பிளக்கை கீபோர்டின் அவுட்டில் செருக வேண்டும். சில கேபிள்களில் எழுதியிருப்பது நேர்மாறான பொருளில் இருக்கும். வேலை செய்யாவிட்டால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். மாற்றிச் செருகியதால் எதுவும் கெட்டுவிடாது.

கீபோர்டிலேயே யு.எஸ்.பி. இருந்தால், சதுரமான போர்ட்டா, தட்டையான போர்ட்டா என்று பாருங்கள். கம்ப்யூட்டருக்குப் போக வேண்டியது பிரிண்டரில் இருப்பது போன்ற சதுர போர்ட். தட்டையானது பென் டிரைவிற்காக வைத்தது.

அடுத்து சாப்ட்வேர். விண்டோஸிற்குள்ளேயே மைக்ரோசாப்ட் ஜி.எஸ். வேவ்டேபிள் என்ற சிந்தசைசர் ஒளிந்திருக்கிறது. மிடி பைல்களைக் கேட்க அது போதும். ஆனால் அதில் கீபோர்டை வாசிக்காதீர்கள். கட்டையை அழுத்திய பின் சற்றுத் தாமதித்துத்தான் ஒலி வரும், மனம் வெறுத்துவிடும். இலவசமாகவே கிடைக்கும் எல்.எம்.எம்.எஸ். என்ற தொகுப்பை முயலுங்கள். அதில் சவுண்ட்பாண்ட் என்ற வகைப் பைலை ஏற்றினால், உண்மைப் பியானோவிலிருந்து பதிவு செய்த ஒலி உங்கள் பழைய கட்டைகளில் வரும். சிந்தசைசருக்கே உரிய ஒலிகள் வேண்டுமா? சர்ஜ் எக்ஸ்.டி. என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. மைத்துனர் வீட்டில் அன்று நான் ஏற்றியது ஒரு பியானோ சவுண்ட்பாண்ட் மட்டும்தான். அவர் மகள் வந்து உட்கார்ந்து வாசித்தாள். புதுக் கீபோர்டு பற்றிய பேச்சு அத்தோடு நின்றது.

தாமதம் இருந்தால் குற்றம் மிடியுடையது அல்ல. மூன்று பைட் கட்டளை கேபிளைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி செகண்ட்தான் ஆகும். தாமதம் கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பபரில் இருக்கிறது. ஆடியோ செட்டிங்கில் பபர் அளவு 512 என்றிருந்தால் அதற்கு மட்டும் 12 மில்லி செகண்ட் போகும். 128 ஆக்கினால் மூன்றுக்கு வந்துவிடும். கரகரவென்று ஒலி உடைந்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

இன்னும் இரண்டு தொல்லைகள் வரும். கீபோர்டின் சொந்த ஒலியும் கம்ப்யூட்டர் ஒலியும் சேர்ந்து கேட்கும். கீபோர்டின் செட்டிங்கில் லோக்கல் கன்ட்ரோல் என்பதை ஆப் செய்யுங்கள். அது இல்லையென்றால் கீபோர்டின் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். மற்றொன்று கொஞ்சம் திகிலானது. வாசித்துக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் ஒலி நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். தொடங்கு என்ற கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது, நிறுத்து என்பது போகவில்லை. அவ்வளவுதான். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு என் கம்ப்யூட்டர் கோயில் சங்கு போல ஊதத் தொடங்கி, ஸ்பீக்கர் சுவிட்சைத் தேடி ஓடியிருக்கிறேன். பல சாப்ட்வேர்களில் இதற்காகவே பானிக் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தமானதுதான்.

கம்ப்யூட்டர் இல்லாமலும்

மிடி கம்ப்யூட்டருக்காகப் பிறந்தது அல்ல. கருவிக்கும் கருவிக்கும் இடையே பிறந்தது. ஒரு கீபோர்டின் அவுட்டிலிருந்து இன்னொரு சிந்தசைசரின் இன்னிற்குக் கேபிள் போட்டால் போதும். மூன்றாவதாகத் த்ரூ என்று ஒரு சாக்கெட் இருந்தால், இன் வழியாக வந்ததை அப்படியே அடுத்த கருவிக்கு அனுப்பும். ஒரே கேபிளில் 16 சேனல்கள் போகும். முதல் சேனலில் பியானோ, இரண்டாவதில் வயலின் என்று வெவ்வேறு கருவிகளுக்குப் பங்கிடலாம். இரண்டு கருவிகளிலும் சேனல் எண் ஒன்றாக இல்லாவிட்டால் மயான அமைதிதான். கருவி கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குத் தூக்காதீர்கள்.

இங்கேதான் எனக்கு இன்றைய தயாரிப்பாளர்கள் மீது வருத்தம். இப்போது வரும் விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் வட்ட சாக்கெட்டை எடுத்துவிட்டார்கள், யு.எஸ்.பி. மட்டும் இருக்கிறது. பார்க்க அழகு, செலவும் மிச்சம். ஆனால் யு.எஸ்.பி.யில் ஒரு பக்கம் கம்ப்யூட்டர் போல ஆட்சி செய்ய வேண்டும், மறுபக்கம் அதற்கு அடங்க வேண்டும். இரண்டு கீபோர்டுகளும் அடங்கும் வகை. அவற்றை நேராக இணைத்தால் இரண்டும் வாய் திறக்காது. நடுவில் ஒரு கம்ப்யூட்டரோ, யு.எஸ்.பி. ஹோஸ்ட் என்ற தனிப் பெட்டியோ வேண்டும். மெல்லிசைக் குழுவில் வாசிக்கப் போகும் ஒரு பையன், அங்கே இருக்கும் சவுண்ட் மாட்யூலில் தன் கீபோர்டைச் சேர்க்க முடியாமல் நிற்பான். அவன் அப்பாவின் பழைய கீபோர்டு சேர்ந்திருக்கும். சிறிய கருவிகள் சிலவற்றில் வட்டத்திற்குப் பதில் ஹெட்போன் போன்ற 3.5 மி.மீ. சாக்கெட் வைக்கிறார்கள். அதற்கும் 2018-ல் ஒரு பொது முறை வந்துவிட்டதால் மாற்றுக் கேபிள் போட்டுச் சமாளிக்கலாம்.

கீபோர்டு மட்டும்தானா என்றால், இல்லை. மெல்லிசை மேடைகளில் குச்சியால் தட்டும் ஆக்டபேட் பார்த்திருப்பீர்கள். ரோலண்ட் 1985-ல் கொண்டுவந்த முதல் ஆக்டபேடிற்குச் சொந்தமாக ஒலியே கிடையாது. எட்டுத் தட்டுகளும் மிடி கட்டளை அனுப்பும். ஒலி வேறொரு கருவியிலிருந்து வரும். ஊதி வாசிக்கும் மிடி கருவிகளும் உண்டு. மூச்சின் அழுத்தத்தையே தொடர்ந்து எண்களாக அனுப்புவதால், கட்டையில் வராத குழைவு புல்லாங்குழல் ஒலிக்கு வந்துவிடும். கிடாரில் கொஞ்சம் சிக்கல். தந்தியின் அதிர்வை அளந்துதான் ஸ்வரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வு முடியவே 12 மில்லி செகண்ட் ஆகும். அதுவரை கம்ப்யூட்டருக்கு அது எந்த ஸ்வரம் என்று உறுதியாகத் தெரியாது. கிடார் வாசிப்பவர்கள் வாங்கும் முன் கையில் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

கமகம் வருமா?

கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. மிடி ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டது; இரண்டு கட்டைகளுக்கு இடையே இருப்பதற்கு எண் இல்லை. கட்டை வைத்த கருவியை மனதில் வைத்து, அதைச் செய்தவர்கள் வகுத்த முறை அது. தோடியின் காந்தாரத்தை அசைக்க அதில் நேர் வழி கிடையாது.

ஆனால் கீபோர்டின் இடப்பக்கம் பிட்ச் பெண்ட் என்று ஒரு சக்கரம் இருக்கும். அதன் நகர்வுக்கு மிடி 16,384 படிகள் வைத்திருக்கிறது. நம் காதுக்கு அது மிகையான நுட்பம். பொதுவாக மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம் வரை வளையும். பல கருவிகளில் இந்த அளவை மாற்றலாம். இடது கையால் சக்கரத்தை உருட்டி, வலது கையால் வாசித்துக் கமகம் கொண்டுவர முடியும். பயிற்சி வேண்டும். சக்கரம் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்து வளைக்கும் என்பதுதான் குறை. சுருதிக்காக அழுத்தி வைத்த ஷட்ஜமும் கூடவே ஆடும். எனவே சுருதியை வேறு சேனலில் வையுங்கள். 2018-ல் எம்.பி.இ. என்ற கூடுதல் முறை வந்தது. அதில் ஒவ்வொரு ஸ்வரத்திற்கும் தனிச் சேனல் கொடுத்துத் தனியாக வளைக்கலாம். அதற்கான கட்டைகள் உள்ள கருவிகள் இன்னும் விலை அதிகம். பாட்டு வகுப்பிற்குப் போகும் பத்து வயதுப் பிள்ளைக்கு அவை வேண்டாம்.

எல்லாப் பழைய கீபோர்டும் காப்பாற்றத் தக்கது என்று நான் சொல்ல மாட்டேன். சின்னக் கட்டைகள் வைத்த விளையாட்டுக் கீபோர்டுகளில் மிடியே இருக்காது. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு ஒலிக்கும் கீபோர்டுகள், மிடி வழியாகவும் ஒரே வேக எண்ணைத்தான் அனுப்பும். அவற்றில் எவ்வளவு உயர்ந்த பியானோ ஒலியை ஏற்றினாலும் உயிர் இருக்காது. பியானோவை முறையாகப் பயிலும் பிள்ளைக்கு எடையுள்ள கட்டைகள் தேவை. அப்படிப்பட்டவர்கள் தாராளமாகப் புதிது வாங்கலாம். மிடி 2.0 வந்துவிட்டதே, காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது வெளியானது 2020-ல். மேலும் நுட்பமான எண்களை அனுப்பும். எதிரே இருப்பது பழைய கருவி என்று தெரிந்தால் பழைய மொழியிலேயே பேசும்படிதான் அதை வகுத்திருக்கிறார்கள். காத்திருக்க ஒன்றும் இல்லை.

மைத்துனர் எக்ஸ்சேஞ்சிற்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை மறுபடி விரித்திருக்கிறார். யு.எஸ்.பி. மிடி கேபிள் என்னுடையதுதான், இரவல் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை. நான் கேட்டால், மகள் வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று பதில் வருகிறது.